தண்டவாளத்தின் ஓரமும் கனகராயன் ஆற்றின் ஓரமும்

வவுனியா மாநகர சபை, வவுனியா வடக்கு, வவுனியா தெற்குத் தமிழ், புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, கரைதுறைப்பற்று, கரைச்சி பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



2025 மே மாதத் தேர்தலில் எங்கள் வாக்குகளால் தெரிவானவர்கள் நீங்கள். ஏ9 வீதியையும் வடக்கு ரயில் பாதையையும் ஒட்டி இனி எழப்போகும் கடைத்தொகுதிகள், விடுதிகள், களஞ்சியங்கள், வீடுகள் எல்லாவற்றினதும் விண்ணப்பங்கள் ஏதோ ஒரு கட்டத்தில் உங்கள் மேசைக்கு வந்துதான் போகும். மாங்குளத்திலும் பரந்தனிலும் முதலீட்டு வலயங்கள் வரும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான பாதை இந்தியக் கடனுதவியில் திருத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டுவிட்டது. ஆகவே நிலையங்களைச் சுற்றி நகரம் வளர்ப்பது என்ற பேச்சு வன்னிக்கும் வந்துவிட்டது. அதை வரவேற்றும், ஒரு விடயத்தில் உங்களை எச்சரித்தும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரயிலும் பஸ்ஸும் வன்னிக்கு இன்னும் வேண்டும். நிலையத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில் கடையும் வைத்தியசாலையும் பாடசாலையும் குடியிருப்பும் நெருங்கி அமைவது நல்லது. அப்படி அமைவதற்குக் குளத்தையும் காட்டையும் விலையாகக் கொடுக்கவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. கவனம் இல்லாமல் விட்டால் அந்த விலையைக் கட்டாயம் கொடுப்போம். ஏன் கட்டாயம் என்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரயில் எங்களுக்கு என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1905இல் கொழும்பையும் வடக்கையும் இணைத்த அந்தப் பாதை 1990இல் வவுனியாவோடு நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது 2013 செப்ரெம்பரில்; யாழ்ப்பாணத்தை அது எட்டியது 2014 ஒக்டோபரில். அந்த இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ரயில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையாகவே இருந்தது. இன்று அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்க அதே பாதையில் வந்து இறங்குகிறார்கள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை. உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் நின்றன; பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. அந்த ஜூலை மாதத்தில்தான், அலுவலர்களையாவது வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று, கிளிநொச்சிப் பக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ‘யாழ் ராணி’ ஓடத் தொடங்கியது. எரிபொருள் வந்த பிறகும் அந்த ரயில் நிற்கவில்லை. அநுராதபுரம் வரை நீண்டது. நெருக்கடிக்காக விட்ட வண்டி நிலைத்துவிட்டது என்றால் அதற்கான தேவை முன்பே இருந்திருக்கிறது, கணக்கில் எடுக்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

தனி வாகனம் வாங்க வசதியில்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வாழும் முன்னாள் போராளிகள், போரில் காயப்பட்டவர்கள், அதிகாலை இருட்டில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கும் இளம்பிள்ளைகள். இவர்களுக்கு நல்ல பொதுப் போக்குவரத்து என்பது கையில் மிஞ்சும் பணம். மாலையில் வீட்டில் கிடைக்கும் ஒரு மணித்தியாலம். காற்று மாசு, கரிப் புகை என்ற கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அதுவும் உண்மையான கணக்குத்தான்: ஒரு ரயிலில் வரும் சனம் மோட்டார் சைக்கிளிலும் வானிலும் வந்தால் எரியும் எரிபொருள் எத்தனையோ மடங்கு.

இவ்வளவு பயன் இருந்தும், எங்கள் நிலையங்கள் நகரத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரத்துக்கு ரயில் பாதை இல்லை; மாங்குளம் நிலையம்தான் அந்தச் சனத்தின் ரயில் நிலையம். அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கொழும்பு ரயிலில் வந்து இறங்கும் ஒருவர் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சந்திக்கு நடக்கவேண்டும். ரயிலின் நேரம் பஸ்ஸுக்குத் தெரியாது. பஸ்ஸின் நேரம் ரயிலுக்குத் தெரியாது. கடைசி பஸ் போயிருந்தால் ஓட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்கவேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதையால் வரவேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துத் தண்டவாளம் போட்ட பிறகு, பயணத்தின் கடைசித் துண்டை இப்படி விட்டுவைத்திருக்கிறோம். நிலைய முற்றத்துக்கு ஒரு பஸ்ஸைக் கொண்டுவருவதற்கு ஒரு மரமும் வெட்டத் தேவையில்லை. மாகாணப் போக்குவரத்து அதிகார சபையையும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.சபை) சாலை முகாமையாளரையும் ரயில்வே அதிகாரியையும் ஒரே மேசையில் இருத்தினால் போதும். அந்தக் கூட்டத்தைக் கூட்டும்படி கேட்கும் உரிமை உங்கள் சபைகளுக்கு உண்டு.

இடத்தை மாற்றிக் கட்டடத்தைக் கட்டிவிட்டால் போக்குவரத்து தானாக வந்துவிடும் என்று நினைப்பதன் விளைவை வவுனியா பார்த்துவிட்டது. புதிய பஸ் நிலையம் 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் நல்ல கட்டடம். ஆனால் இ.போ.சபைக்கும் தனியார் பஸ்களுக்கும் இடையே 60க்கு 40 என்ற நேர அட்டவணைப் பங்கீடு பேசி முடியவில்லை. பழைய தரிப்பிடத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தவர்கள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று வீதிக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம், மறியல், வழக்கு. இடையில் அலைந்தது பயணிகள். வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையமும் அதே வழியில்தான் போனது. ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016 முழுக்க அரசியல்வாதிகள் இழுபட்டு, கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டி, கட்டியதைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்திருந்தார்கள். மரக்கறி விளைவிக்கிறவன் எந்த வழியால் வருவான், வாங்குகிறவன் எந்த வழியால் போவான் என்ற கேள்வி அந்த வாதத்தில் முதலிடம் பெறவே இல்லை.

நாங்கள் மட்டும்தான் இப்படி என்று இல்லை. சென்னையில் கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்ட பஸ்களை நகரத்துக்கு வெளியே கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். புதிய முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்தில் வரவேண்டிய ரயில் நிலையம் அன்று முடிந்திருக்கவில்லை. நள்ளிரவில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்கள் நகரத்துக்குள் போக வழி தேடி நின்ற காட்சியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கட்டடத்துக்கு முன்னால் இணைப்பு வரவேண்டும். இந்த வரிசை பிசகினால் எத்தனை பெரிய நகரமும் தடுமாறும்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன்.

கனகராயன் ஆறு வவுனியாவின் வடக்கே சேமமடுப் பக்கத்தில் தொடங்கி, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விடுகிறது. அது ஓடும் திசையைப் பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று ஏ9 வீதியும் ரயில் பாதையும் ஏறும் அதே நிலத்தில்தான், ஏறக்குறைய அவற்றின் கூடவே, ஆறும் போகிறது. எங்கள் போக்குவரத்துப் பாதையும் எங்கள் மிகப் பெரிய குளத்தின் நீரேந்து நிலமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கொழும்பிலோ சென்னையிலோ நிலையத்தைச் சுற்றி நகரம் கட்டுகிறவர்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு இல்லை. எங்களுக்கு இருக்கிறது. புளியங்குளத்தில் ஒரு கடைத்தொகுதியின் பின்னால் விடும் கழிவுநீர், மழை வந்தால், கிளிநொச்சிக் கமக்காரனின் வயலை நோக்கித்தான் புறப்படும்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகும் திட்டத்தைக் கமக்காரர் அமைப்புகள் எதிர்த்து நின்றதும், கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. குளத்தின் கீழிருந்து தண்ணீர் போவதைப் பற்றி அவ்வளவு விழிப்பாக இருந்தோம். மேலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி அதே விழிப்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை.

இரணைமடுவோடு முடியவில்லை. வன்னியின் சிறு குளங்கள் தனித்தனிக் குளங்களாகத் தோன்றினாலும் ஒன்றின் வான் மற்றதற்கு வரத்து. மேலே ஒன்றை மண் போட்டு நிரவினால் கீழே மூன்று குளங்களுக்கு அது தெரியும். இதில் அதிகம் ஆபத்துக்கு உள்ளாவது, குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரை. ஓகஸ்ற் மாதத்தில் அலைகரையைப் பாருங்கள்: வெடித்த மண், மேயும் மாடுகள், நடுவில் யாரோ விட்டுப்போன வண்டித் தடம். வரைபடம் கீற வருகிற ஒருவருக்கு அது வெறுங்காணி. அதுவும் நகரத்தின் நடுவில், நிலையத்துக்குப் பக்கத்தில், வீதிக்கு முகம் வைத்த காணி. அதே இடத்தில் டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு நாங்கள் இடம் கொடுக்காவிட்டால் அது தானே ஒரு இடத்தைத் தேடிக்கொள்ளும். பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும் ஏழையின் வீட்டில். வவுனியாக் குளத்தின் ஓரத்தை நிரவிப் பூங்கா அமைத்தபோது நகரத்து மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள். கிளிநொச்சிக் குளமும் அதே நிலையில்தான் நகரத்தின் மடியில் கிடக்கிறது.

2018 டிசம்பர் பிற்பகுதியில் ஒரே இரவு மழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தண்ணீருக்குள் நின்றன. இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்ற விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. அந்த விவாதம் தேவையானதுதான். ஆனால் கதவுக்கு வரும் தண்ணீர் முன்பைவிட வேகமாக வருகிறதா, காடு வெட்டிய நிலமும் கொங்கிறீற் முற்றங்களும் அதை விரட்டிவிடுகின்றனவா என்ற கேள்வி அதற்குள் அமுங்கிப்போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பரந்தன் - முல்லைத்தீவு வீதி அறுந்தது; இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் வந்து இரும்புப் பாலம் போட்டுத்தான் இணைப்பைத் திருப்பவேண்டியிருந்தது. ரயில்கள் நின்றன. போக்குவரத்தை நம்பி நகரம் கட்டுகிறோம் என்றால் அந்தப் போக்குவரத்தே வெள்ளத்தில் நிற்காமல் இருக்கவேண்டும் அல்லவா?

ரயில் பாதையின் அணை, தண்ணீருக்கு ஒரு குளக்கட்டுப் போலத்தான். மதகுகள் மட்டுமே அதற்குத் துருசு. மாரி தொடங்குவதற்கு முன்னால் உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒரு மதகையாவது குனிந்து பாருங்கள். நான் பார்த்த மதகுகளில் பாதி வாய்வரை சேறு. அதன்மேல் சோற்றுப் பார்சல் தாள், பிளாஸ்ரிக் போத்தல், யாரோ வெட்டிப்போட்ட வாழை. அணை கட்டும்போது கணக்கிட்ட நீரோட்டம் காட்டிலிருந்து வரும் நீரோட்டம். காடு மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடும். கடைத்தெருவாக மாறிய நிலத்திலிருந்து அதே மழை அரை மணித்தியாலத்தில் வந்து முட்டும். மதகின் அகலம் அன்றைக்கு இருந்ததுதான். ஆகவே நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு புதிய கூரைக்கும் அனுமதி கொடுக்கும்போது, அந்தக் கூரைத் தண்ணீர் எந்த மதகால் போகும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கும் வழக்கம் வரவேண்டும்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். 1993ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருவீதி, 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட தொழிற்பேட்டை, ஒரு ஹெக்டேயருக்கு மேல் காடழிப்பு என்பவற்றுக்குச் சுற்றாடல் அனுமதி நடைமுறை உண்டு. மாங்குளம், பரந்தன் வலயங்கள் அந்த வாசலால்தான் போகவேண்டும். போகிறதா என்று பார்ப்பதும், அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாட்களில் அதைத் தமிழில் ஊருக்குச் சொல்வதும் உங்கள் பணி. ஆனால் ஏ9 ஓரத்தில் இருபது பேர்ச், நாற்பது பேர்ச் காணிகளில் வரிசையாக எழும் கடைகளுக்கு அந்த வாசல் இல்லை. ஒவ்வொன்றும் சிறியது, ஒவ்வொன்றும் சட்டப்படி சரி, எல்லாம் சேர்ந்து பத்து ஆண்டில் ஓமந்தையிலிருந்து முறிகண்டி வரை ஒரே மதிலாக நிற்கும். நான் மேலே கட்டாயம் என்று சொன்னது இதைத்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே அது நடந்துவிடும்.

வீதியோரம் நீண்டுபோகும் அந்த வரிசைதான் போக்குவரத்துக்கும் எதிரி. கடைகள் பல பத்துக் கிலோமீற்றருக்குப் பரந்து கிடந்தால் எந்த பஸ் எங்கே நிற்கும்? சனம் மோட்டார் சைக்கிளுக்குத்தான் போகும். நெடுந்தூர வாகனங்கள் வேகமாக வரும் பாதையில் பாடசாலைப் பிள்ளைகள் குறுக்கே கடப்பார்கள். யானைக்கும் அது மதில். 2025 பெப்ரவரியில் கல்லோயாவில் ஒரே ரயிலில் மோதி ஆறு யானைகள் இறந்தன. எங்கள் பாதையும் இப்போது வேகம் கூடிய பாதை. வவுனியா வடக்கிலும் ஒட்டுசுட்டானிலும் யானை வந்துபோகும் வழிகள் ஊருக்கே தெரிந்தவை. அவற்றை அடைத்துக் கட்டடம் வந்தால் யானை தண்டவாளத்தின் மேலேதான் நடக்கும்.

அதற்குப் பதில் இருக்கிறது. நெருக்கிக் கட்டுங்கள், குறித்த இடத்தில் கட்டுங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஏறக்குறைய 800 மீற்றர். அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே வெட்டவெளியாகக் கிடக்கும் நிலம் எவ்வளவு என்று முதலில் அளவிடுங்கள். போரில் இடிந்து இன்னும் எழாத கட்டடங்களின் காணி, திணைக்களங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் காணி, இராணுவம் இன்னும் விடாத காணி. அவை நிரம்பும்வரை ஒரு பாலை மரத்தையும் ஒரு முதிரையையும் தொடத் தேவையில்லை. இரண்டு மாடியும் மூன்று மாடியும் எங்கள் நகரங்களுக்குப் போதும். நாளொன்றுக்குச் சில ரயில்களே நிற்கும் நிலையத்துக்குக் கொழும்புக் கோபுரம் வேண்டாம். வன்னியில் நகரத்தின் நடுப்புள்ளி ரயிலும் பஸ்ஸும் சந்திக்கும் முற்றமாக இருக்கட்டும்.

பிரேசிலில் குரிடிபா என்ற நகரம் பணக்கார நகரம் இல்லாத காலத்திலேயே இதைச் செய்து காட்டியது. 1974இல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினார்கள். அந்தப் பாதையின் ஓரத்தில் மட்டும் நெருக்கிக் கட்ட அனுமதித்தார்கள். ஆறுகள் பெருகும் தாழ்நிலத்தில் கட்டடம் விடாமல் பூங்காக்களாகவும் ஏரிகளாகவும் வைத்தார்கள். மழைக்காலத்தில் அவை வெள்ளத்தைத் தாங்கின. போக்குவரத்தையும் தண்ணீரையும் ஒரே திட்டத்தில் யோசித்ததுதான் அவர்கள் செய்த வேலை. எங்களிடம் அந்த ஏரிகளைப் புதிதாக வெட்டவேண்டிய செலவு இல்லை. முன்னோர் வெட்டித் தந்துவிட்டார்கள்.

முறிகண்டியையும் பாருங்கள். பஸ்ஸும் வானும் லொறியும் நிற்காமல் போகாத இடம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் வண்டி எடுபடும். சனம் இறங்குகிற இடத்தைச் சுற்றி, மர நிழலில், ஒரு ஊரின் பிழைப்பு நடக்கிறது. கச்சான் விற்கும் பெண் வாடகைக் கடை எடுக்கவில்லை. பயணி இறங்கி நடக்கிற இடத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். நிலையங்களைத் திட்டமிடும்போது அவளுக்கு இடம் வைக்காத வரைபடத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நிலையத்தின் முன்னால் காணி விலை ஏறும். ஏறினால் முதலில் தள்ளப்படுவது அவளைப் போன்றவர்கள்தான்.

காணி என்ற சொல்லைக் கேட்டால் வன்னியில் ஏன் எல்லோரும் உஷாராகிறார்கள் என்பதை நகர அபிவிருத்தி அதிகார சபையின் அதிகாரிகளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். எங்கள் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. பலரின் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்தன. 2025 மார்ச் 28 வர்த்தமானி வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கரைக் குறித்து வந்தபோது, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்குப் போய்விடும் என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது. எதிர்ப்பு வந்த பிறகுதான் அது மீளப்பெறப்பட்டது. இந்த நினைவு ஆறாத மக்களிடம் போய், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நிலைய நகரம் வருகிறது என்று நிற வரைபடம் காட்டினால் அவர்கள் முதலில் தேடுவது தங்கள் வேலியைத்தான். ஆகவே வட்டம் கீறுவதற்கு முன்னால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் குடும்பங்களின் பத்திரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும்படி பிரதேச செயலகங்களை நெருக்குங்கள். உறுதி கையில் இருக்கும் மனிதன்தான் அபிவிருத்தியில் பங்காளி. இல்லாதவன் அகற்றப்படுபவன்.

கட்டுமானப் பொருள் பற்றியும் ஒரு சொல். போருக்குப் பின் ஏ9 வீதி, ரயில் பாதை, இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்குக்குக் கிடைத்த 46,000 வீடுகள் எல்லாம் வேண்டியவையே. அவற்றுக்கான கிரவலும் மணலும் பெரும்பாலும் எங்கள் நிலத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும்தான் போயின. கிரவல் தோண்டிய கிடங்குகள் பல இன்னும் மூடப்படவில்லை. மாரியில் நிரம்பி நுளம்பு வளர்க்கின்றன, பிள்ளைகளுக்கு ஆபத்தாகவும் நிற்கின்றன. அடுத்த கட்டுமான அலை வரும்போது, எந்தக் கிடங்கிலிருந்து எடுக்கிறார்கள், முடிந்தபின் யார் மூடுவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவையுங்கள். கழிவும் அப்படித்தான். வவுனியாவின் குப்பை பம்பைமடுவுக்குப் போகிறது. அந்த மக்கள் எத்தனை முறை மறித்துவிட்டார்கள். நிலையத்தைச் சுற்றி நூறு குடியிருப்புகளை நெருக்கும் திட்டத்தில் மலசலக் கழிவு எங்கே போகும் என்ற பக்கம் வெறுமையாக இருந்தால், அது பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும் என்று அர்த்தம். சிறுநீரக நோயால் ஏற்கெனவே துன்பப்படும் பிரதேசங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீரில் இன்னொரு பாரத்தை ஏற்ற இடமில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. வேலை வேண்டும். மாங்குளத்தில் தொழிற்சாலை வந்தால் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டக் காணியை ஈடுவைக்கும் இளைஞர்களில் சிலராவது வீட்டில் நிற்பார்கள். போரில் எல்லாம் இழந்த மக்களிடம் மரத்தைப் பார், குளத்தைப் பார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அநீதி. இந்த இரண்டையும் தராசில் வைக்கும்போது நான் எடுக்கும் முடிவு இது: தொழிற்சாலை வரட்டும், ரயில் கிளைப்பாதை அதன் வாசல்வரை வரட்டும், தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே முதல் இயந்திரம் ஓடட்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை நடந்த காலத்தில் எத்தனை குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன என்பதை மூத்தவர்கள் சொல்வார்கள். அந்த மாதிரி வேலை திரும்பவும் வரவேண்டும். மேலே ஒரு ஆறும் கீழே ஒரு கடனீரேரியும் இருக்கும் நிலத்தில் வருகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

கடவைகளை மறந்துவிடாதீர்கள். 2019 ஜூனில் கிளிநொச்சியில் ரயில் மோதி இராணுவ வாகனத்தில் இருந்தவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் காவலற்ற கடவைகளில் இறந்த எங்கள் சனத்தின் பெயர்கள் உங்களில் பலருக்கு நேரடியாகத் தெரியும். நிலையத்தைச் சுற்றி மக்களைக் குவிக்கும் எந்தத் திட்டமும், அந்த 800 மீற்றருக்குள் இருக்கும் ஒவ்வொரு கடவைக்கும் தடுப்புக்கதவும் ஒலி எச்சரிக்கையும் போட்ட பிறகே தொடங்கவேண்டும்.

மாரிக்கு முன்னால் உங்கள் சபைகளால் செய்யக்கூடியது உண்டு. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஒரே ரயில் பாதையில் இருக்கும் சபைகள் ஒன்றாகக் கூடுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும் ரயில்வேயையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் அழையுங்கள். கமக்காரர் அமைப்புகளையும் வர்த்தக சங்கங்களையும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளையும் அதே மண்டபத்தில் இருத்துங்கள். ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அலைகரை, வாய்க்கால், மதகு, யானை போகும் வழி, அனுமதிப்பத்திரக் காணி எல்லாம் காட்டும் ஒரு வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுச் சபை அலுவலக வாசலில் ஒட்டுங்கள். அலைகரைக்குள் வரும் கட்டட விண்ணப்பத்தை, யார் கொண்டுவந்தாலும், எந்தக் கட்சிக்காரர் சிபாரிசு செய்தாலும், திருப்பி அனுப்புவோம் என்று தீர்மானம் எடுங்கள். மாங்குளத்தில் மாலை ரயிலுக்கு முல்லைத்தீவு பஸ் ஒன்று காத்து நிற்கட்டும். இது மூன்று மாதத்தில் முடியக்கூடிய காரியம். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலில் போடுங்கள். பொதுமக்கள் இருக்கையில் நாங்கள் வந்து உட்காருவோம்.

அன்புடன்,
வன்னி வாசி ஒருவன்